சால் ஓரத்து நாய்கள்

ஆட்டு நாயின் இடம் கூட்டத்தின் விளிம்பு. தென் ஜெர்மனியின் ஸ்வாபியன் ஆல்ப் மேட்டுநிலத்தில் ஐந்நூறு, அறுநூறு செம்மறிகள் அறுத்த வயலின் தாளில் மேய்ந்துகொண்டிருக்கும். அதை ஒட்டியே இன்னொருவர் விதைத்த பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும். இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. கலப்பை கடைசியாகப் போன சால்தான் எல்லை. அந்தச் சாலில் ஒரு நாய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மிதமான ஓட்டத்தில் போய்க்கொண்டே இருக்கும். அது குரைப்பதில்லை, கூட்டத்துக்குள் பாய்வதுமில்லை. பயிரை நோக்கிக் கழுத்தை நீட்டிய ஆடு, நாய் நெருங்குவதைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்ளும். மேய்ப்பர் கழியை ஊன்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்பார். கால் மணி நேரம் ஒரு சொல்கூடச் சொல்ல மாட்டார்.

மேய்ப்பு நாய் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பிரிட்டனின் பார்டர் கோலி. வயிறு தரையில் உரசப் பதுங்கி, கண்ணை எடுக்காமல் ஆட்டை முறைத்து நகர்த்தும் நாய் அது. அதற்கு வாய்த்த நிலம் வேறு. ஸ்காட்லாந்து எல்லையின் குன்றுகளில் ஆடுகள் தாமாகவே சிதறி மேயும். அவற்றைத் தேடிப் போய், சுற்றி வளைத்து, மேய்ப்பரிடம் கொண்டுவந்து சேர்க்கும் நாய்தான் அங்கே தேவை. ஜெர்மன் மேய்ப்பரின் ஆடுகளோ எப்போதும் அவர் முன்னாலேயே திரளாக இருக்கும். அவற்றைக் கொண்டுவர வேண்டியதில்லை. வரம்பு மீறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓநாய் வேட்டையாடும்போது பார்த்தல், பதுங்குதல், துரத்தல், பிடித்தல், கடித்துக் கொல்லுதல் என்று ஒரு வரிசை உண்டு. மேய்ப்பு நாய்கள் எல்லாமே அந்த வரிசையை எங்கோ அறுத்தும் எங்கோ நீட்டியும் மனிதர் உருவாக்கிய விலங்குகள். பார்டர் கோலியில் பார்த்தலும் பதுங்குதலும் மிகைப்பட்டு நிற்கின்றன. ஜெர்மன் நாயிடம் அந்த முறைப்பு குறைவு. நிமிர்ந்து ஓடும், தேவைப்பட்டால் பிடிக்கும். அப்படிப் பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பிடரி, விலா, தொடை ஆகியவற்றில்தான் பிடிக்கலாம். அதுவும் நாயைப் பொறுத்தும் வட்டார வழக்கத்தைப் பொறுத்தும் மாறும். பல் அழுந்த வேண்டும், தோல் கிழியக் கூடாது. நொடியில் விட்டுவிட்டுச் சாலுக்குத் திரும்பிவிட வேண்டும். காதையோ காலையோ மடியையோ கவ்வும் நாயை, அது எத்தனை அழகாக இருந்தாலும், எந்த மேய்ப்பரும் வைத்துக்கொள்ள மாட்டார்.

இப்படி ஒரு நாய் ஏன் அங்கே உருவானது என்பதற்கு விடை மண்ணிலும் சொத்துச் சட்டத்திலும் இருக்கிறது. மூன்று வயல் முறையில் ஊர் நிலத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் தரிசாகக் கிடந்தது. ஊர் மந்தை அந்தத் தரிசிலும், அறுவடைக்குப் பின் தாளிலும் மேயும். இரவில் வயலிலேயே கிடை. அந்த எருவுக்கு அத்தனை மதிப்பு இருந்ததால், யார் வயலில் இன்றிரவு கிடை போடுவது என்பதைப் பல ஊர்களில் ஏலம் விட்டார்கள். தென்மேற்கு ஜெர்மனியில் தகப்பன் நிலத்தைப் பிள்ளைகள் எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் ஆழமாக ஊன்றியிருந்தது. தலைமுறை தோறும் பிரிந்து பிரிந்து நிலம் நாடா நாடாவாகச் சிறுத்தது. அத்தகைய துண்டுகளுக்கு நடுவே ஆயிரம் கால்களை நடத்திப் போவது வாயால் சொல்லும்போது எளிதாகத் தெரியும். ஓர் ஆடு இரண்டடி தப்பினால் ஊர்ப்பஞ்சாயத்தும் நட்டஈடும்தான். வடகிழக்கிலோ பெரிய பண்ணைகளின் விரிந்த வயல்கள். அங்கே நாய்க்கு ஓட்டம் நீளம், நெருக்கடி குறைவு. நாய்களின் வட்டார வேறுபாட்டைத் தட்பவெப்பத்தால் மட்டும் விளக்கப் பார்ப்பவர்கள் இந்த நிலப் பங்கீட்டையும் ஒரு கண் பார்க்க வேண்டும் என்பேன்.

ஓநாயின் கதையும் இதில் கலந்திருக்கிறது. ஓநாய்கள் திரிந்த காலத்தில் மந்தைக்குக் கனத்த காவல் நாய்கள் வேண்டியிருந்தன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியின் பெரும்பகுதியில் ஓநாய் ஒழிக்கப்பட்டது. காவல் வேலை போனதும், நடுத்தர உயரமும் சளைக்காத காலும் கொண்ட மேய்ப்பு நாயே மந்தையின் முதன்மை நாய் ஆனது. அதே காலத்தில் ஸ்பெயினிலிருந்து மெரினோ ஆடுகள் வந்தன. சாக்சனிக்கு 1765இல் வந்தன. வூர்ட்டெம்பர்க் கோமகன் கார்ல் ஆய்கன் 1786இல் ஆளனுப்பி வரவழைத்தார். மென்மயிருக்கு நல்ல விலை கிடைத்ததால் மந்தைகள் பெருத்தன. கோடையில் ஆல்ப் மேட்டிலும் குளிர்காலத்தில் ரைன் சமவெளியிலும் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலும் என்று நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நடக்கும் மந்தைகள் வழக்கமாயின. நடக்கும் வழியெல்லாம் மேய்ப்பர்கள் சந்தித்தார்கள், பேசினார்கள், குட்டிகளைக் கைமாற்றினார்கள். நல்ல கடுவன் எங்கே இருக்கிறது என்ற சேதி மந்தைப் பாதையில்தான் பயணப்பட்டது. ஆக, ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஓரளவு தனித்த நாய்க்கூட்டம் அமைந்தது. ஆனால் எந்தக் கூட்டமும் முழுக்க மூடியதாக இல்லை.

இந்த நாய்களை இன்று மொத்தமாகப் பழைய ஜெர்மன் மேய்ப்பு நாய்கள் என்கிறார்கள். அவற்றுக்குள் வகைகள் உண்டு. மேய்ப்பர்கள் வகைக்கு வைத்த பெயர்கள் பார்த்த மாத்திரத்தில் புரிகிறவை.

நடு ஜெர்மனியிலும் கிழக்கிலும் அதிகம் காணப்படுவது கெல்ப்பக்கே: கருப்பு உடல், கன்னத்திலும் கால்களிலும் மஞ்சள் அல்லது பழுப்பு. முழுக் கருப்பு நாய் ஷ்வார்ட்சர். இதில் நடு ஜெர்மன் கருப்பு ஒன்று, தென் ஜெர்மன் கருப்பு ஒன்று. மயிரின் தன்மையில் இரண்டும் வேறுபடும். சாம்பல் மேனியில் கரும்புள்ளிகள் சிதறியது டீகர், தெற்கின் நாய். முகமெல்லாம் மயிர் மூடிய சடை நாய்கள் இரண்டு: ஒரு காலத்தில் வடக்கிலும் பிற இடங்களிலும் பரவியிருந்த, பெரும்பாலும் வெளிர் நிற ஷாஃப்பூடல், தெற்கில் கருநிறம் மிகுந்த ஸ்ட்ரோபல். பிறவியிலேயே குட்டை வாலுள்ளது ஸ்டும்பர். இது மிகவும் அருகிவிட்டது.

ஹார்ட்ஸ் மலையின் நாய் ஃபுக்ஸ், அதாவது நரி. செவலை நிறம், வெளிர் செம்மஞ்சளிலிருந்து கருஞ்சிவப்பு வரை போகும். ஹார்ட்ஸ் மலை வெள்ளியும் ஈயமும் தோண்டிய சுரங்க நாடு. சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் ஒன்றிரண்டு மாடு இருக்கும்; உடையவன் பூமிக்கு அடியில் இருக்கும்போது அதை யார் மேய்ப்பது? ஊர் மாட்டுக்காரர் காலையில் தெருத்தெருவாகக் கூட்டிச் சேர்த்து, கழுத்து மணிகள் ஒலிக்க மலைக்காட்டுக்கு ஓட்டிப் போவார். மலையின் மாடுகளும் செவலை, நாயும் செவலை. இன்று மாட்டு மந்தைகள் பெரும்பாலும் போய்விட்டன. ஃபுக்ஸ் செம்மறிக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது.

சீகர்லாண்டிலும் வெஸ்டர்வால்டிலும் நடந்தது இன்னும் விசித்திரம். சீகர்லாண்டு இரும்பு உருக்கும் பகுதி. உலைக்கு மரக்கரி வேண்டும். அதற்காக ஊரார் கருவாலியும் பூர்ச்சும் கலந்த காடுகளைக் கூட்டுடைமையாக வைத்து, துண்டு துண்டாக முறைவைத்து வெட்டினார்கள். ஹாவ்பெர்க் என்று அதற்குப் பெயர். வெட்டிய துண்டில் முதலில் கருவாலிப் பட்டையை உரித்துத் தோல் பதனிடுவோருக்குக் கொடுப்பார்கள், கட்டை கரியாகும், வெறும் தரையில் ரை என்ற தானியம் விதைப்பார்கள். பிறகு அடிமரத்திலிருந்து தளிர்கள் கிளம்பும். தளிர் மாட்டு வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்ததும் மாடுகளை உள்ளே விடலாம். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து மறுபடி வெட்டு. ஒரே மலைச்சரிவில் வெட்டிய துண்டு, விதைத்த துண்டு, இளந்தளிர்த் துண்டு, மேய்ச்சல் துண்டு எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். மாட்டை இளந்தளிர்த் துண்டில் ஒரு மணி நேரம் விட்டால் இருபது ஆண்டு விறகு போயிற்று. அதைத் தடுத்தது குஹுண்ட் என்ற மாட்டு நாய். செம்பழுப்போ மஞ்சளோ கலந்த நிறம், திடமான கட்டு. ஆட்டு நாய் நிமிர்ந்து பிடரியைப் பிடிக்கும். மாட்டு நாய் தாழ்ந்து காலின் கீழ்ப்பகுதியைக் கவ்விவிட்டு, உதை தலைக்கு மேலே போகும்படி அமுங்க வேண்டும். அமுங்கத் தெரியாத நாய் குட்டி போடும் வயதுவரை உயிரோடு இருப்பதில்லை. இயற்கைத் தேர்வுக்கு இதைவிட நேரடியான சான்று தேடினாலும் கிடைக்காது. நிலக்கரி வந்ததும் மரக்கரி உலைகள் அணைந்தன, ஹாவ்பெர்க் சுருங்கியது, மாட்டு நாயும் சுருங்கியது. இந்த வகைகளில் என் மனம் அதிகம் வருந்துவது இதற்காகத்தான். ஒரு காட்டு நிர்வாக முறை முழுவதும் ஒரு நாயின் நடத்தையில் எழுதப்பட்டிருந்தது.

மேலே சொன்ன பெயர்களில் பெரும்பாலானவை நிறத்தையோ மயிரையோ வாலையோ சொல்கின்றன. மேய்ப்பர்கள் அவற்றைப் பார்த்தா நாயைத் தேர்ந்தார்கள்? இல்லை. வேலை செய்யும் நாயின் குட்டியைத்தான் எடுத்தார்கள். நிறம் கூடவே வந்தது. இங்கே மரபியல் நமக்கு உதவுகிறது.

நாயின் மேனி மயிர் எத்தனை விதமாகத் தெரிந்தாலும், அதன் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. நீளத்துக்கு எஃப்.ஜி.எஃப்.5, சுருளுக்கு கே.ஆர்.டி.71, மீசை, தாடி, புருவம் என முகத்தில் அடரும் மயிருக்கு ஆர்.எஸ்.பி.ஓ.2. சடை முகம் பெற ஆர்.எஸ்.பி.ஓ.2 மாற்றத்தின் ஒரு பிரதியே போதும். அப்படியானால் ஒரு சடை நாய் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும், அதன் பேரக்குட்டிகளில் சிலவற்றுக்காவது சடை முகம் வந்துவிடும். கண்ணுக்கு அவை வேறு வகையாகத் தெரியும்; உள்ளே முக்கால்வாசி உள்ளூர் நாயாகவே இருக்கும். செவலையும் அப்படித்தான். நாய்களில் செந்நிறம் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு வழிகளில் வரலாம். ஒரே மாதிரிச் சிவந்த இரண்டு நாய்கள் நெருங்கிய உறவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

டீகரின் புள்ளிச் சாம்பலுக்குக் காரணம் பி.எம்.இ.எல். என்ற மரபணுவில் செருகிக்கொண்ட ஒரு டி.என்.ஏ. துண்டு. இதை 2006இல் கண்டறிந்தார்கள். ஒரு பிரதி இருந்தால் அழகிய புள்ளி. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக இரண்டு பிரதி வந்துவிட்டால் குட்டி பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். செவிடும் கண் குறைபாடும் சேர்ந்து வரும் வாய்ப்பு அதிகம். நிறமிச் செல்களுக்கு உட்காதிலும் வேலை இருப்பதே காரணம். அவை அங்கே இல்லாவிட்டால் கேட்கும் செல்கள் பிழைப்பதில்லை. மேய்ப்பரின் சீழ்க்கை கேட்காத நாய் மந்தையில் எதற்காகும்? டீகரை டீகரோடு சேர்ப்பது ஜெர்மனியில் இன்று விலங்கைத் துன்புறுத்தும் இனப்பெருக்கமாகவே கருதப்படுகிறது. குட்டை வாலிலும் இதே போன்ற எச்சரிக்கை உண்டு. பல குட்டைவால் இனங்களில் டி என்ற மரபணுவின் ஒற்றை எழுத்து மாற்றம்தான் வாலை நிறுத்துகிறது. அது இரண்டு பிரதியாகச் சேர்ந்த கரு பிறப்பதே இல்லை. நிறத்தையும் வாலையும் மட்டும் துரத்தி இனம் பெருக்குவது ஏன் ஆபத்து என்பதற்கு இவை போதும்.

நடத்தையை இத்தனை எளிதாக எந்த மரபணுவிலும் காட்ட முடியாது. 161 நாய் இனங்களை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், பிரிட்டிஷ் மேய்ப்பு நாய்கள் ஒரு கிளையிலும் ஐரோப்பியக் கண்டத்தின் மேய்ப்பு நாய்கள் வேறு கிளைகளிலும் அமர்ந்தன. ஆடு மேய்க்கும் திறன் ஒரே நாயிடமிருந்து எங்கும் பரவவில்லை, வெவ்வேறு நிலங்களில் தனித்தனியே வார்க்கப்பட்டது என்பதோடு இது பொருந்துகிறது. 2022இல் 4,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்த இன்னொரு குழு, மேய்ப்பு நாய்களில் மூளை நரம்பிழைகள் வளரும்போது வழி காட்டும் மரபணுக்களை ஒட்டிய வேறுபாடுகளைக் கண்டது. அவை பல, ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. நிறம் ஒரு மரபணுவில் தொலையும், ஒரு கலப்பில் திரும்பக் கிடைக்கும். நூறு சிறு வேறுபாடுகள் சேர்ந்து தரும் நடத்தையோ, தேர்வு நின்றுபோனால் சில தலைமுறையில் கரைந்துவிடும்; ஒரு கலப்பில் அதை மீட்க இயலாது.

மேய்ப்பர்களின் இந்தத் தேர்வுக்கு நேர் எதிரான வழியில் போன நாயை உலகமே அறியும். 1899 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூஹே நகரின் நாய்க் கண்காட்சியில் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஒரு சாம்பல் நிறக் கடுவனைக் கண்டு வாங்கினார். 1895இல் பிறந்த அந்த நாயின் பெயர் ஹெக்டர் லிங்க்ஸ்ரைன். அதற்கு ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று புதுப்பெயர் வைத்து, அதே மாதம் தொடங்கிய ஜெர்மன் ஷெப்பர்டு சங்கத்தின் பதிவேட்டில் முதல் எண்ணைக் கொடுத்தார். துரிங்கியாவின் சிறுத்த, காது நிமிர்ந்த சாம்பல் நாய்களையும் வூர்ட்டெம்பர்க்கின் பெரிய, எலும்பு கனத்த நாய்களையும் இணைப்பது திட்டம். ஹோராண்டின் புகழ்பெற்ற மகன் ஹெக்டர் ஃபான் ஷ்வாபனின் தாய் வூர்ட்டெம்பர்க் மந்தை வேலை பார்த்த பெட்டை. அந்த மகனை ஹோராண்டின் மகள் ஒன்றோடு சேர்த்தார்கள். அந்த ஈற்றுக் குட்டிகள் இனத்தின் அடுத்த தூண்களாயின. நெருங்கிய உறவில் இனம் பெருக்கினால் உருவம் சீக்கிரம் நிலைக்கும். மரபுவளம் குறுகுவதும் அதே சீக்கிரத்தில் நடக்கும்.

ஷ்டெஃபானிட்ஸைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. வேலை செய்யாத நாய் கெட்டுப்போகும் என்று அவரே உறுதியாக நம்பினார். ஆனால் அவர் தொடங்கிய நேரத்தில் மந்தைகளே மறைந்துகொண்டிருந்தன. ஆஸ்திரேலிய மயிர் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது, பருத்தி மலிந்தது, தரிசு நிலங்களில் தீவனப் பயிரும் உருளைக்கிழங்கும் ஏறின. 1870களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஏறத்தாழ 2.5 கோடி செம்மறிகள் இருந்தன. 1900இல் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்று சுமார் 15 லட்சம். மந்தை இல்லாத நாய்க்கு அவர் காவல்துறையிலும் படையிலும் வேலை தேடினார். நாய் உலகெங்கும் போனது; சாலை விட்டும் போனது.

பதிவேட்டுக்குள் போகாமல் மேய்ப்பர்களிடமே தங்கிவிட்ட நாய்கள்தான் பழைய வகைகள். பல பத்தாண்டுகள் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஆளில்லை. 1989இல் அவற்றின் இனப்பெருக்கத்துக்கென்று ஒரு கூட்டமைப்பு உருவானது. அருகிவரும் வளர்ப்பு விலங்கு இனங்களைக் காக்கும் ஜெர்மன் சங்கம் இவற்றை ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. சர்வதேச நாய்ச் சங்கத்தின் அங்கீகாரம் இவற்றுக்கு இல்லை. அது வராமலிருப்பதே நல்லது என்று நினைக்கும் மேய்ப்பர்களோடு நான் உடன்படுகிறேன். இன்ன உயரம், இன்ன நிறம், காது இன்ன கோணம் என்று எழுதிவைத்த நாளிலிருந்து குட்டியைத் தேர்ந்தெடுப்பது நடுவரின் கண்ணாகிவிடும். இப்போது அதைத் தேர்ந்தெடுப்பது சால்.

மந்தைகளுக்கு இன்று வருமானம் மயிரால் வருவதில்லை. ஆட்டுக்கறி கொஞ்சம் தருகிறது. நிலத்தைப் பராமரிப்பதற்கான அரசுத் தொகை மிச்சத்தைத் தருகிறது. ஆல்ப் மேட்டின் ஜூனிப்பர்ப் புல்வெளிகள் ஆடு மேய்ந்தால் மட்டுமே புல்வெளியாக இருக்கும். விட்டால் புதர் ஏறி, ஆர்க்கிட் செடிகள் நிழலில் மடியும். அங்கே ஒரே ஓர் ஆட்டின் மயிரை ஒரு பருவம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சீவிப் பார்த்த ஆய்வாளர்கள், 85 செடியினங்களின் 8,500க்கும் மேற்பட்ட விதைகளை எடுத்தார்கள். துண்டு துண்டாகிப்போன புல்வெளிகளுக்கு நடுவே விதையைச் சுமப்பது மந்தை. அந்த மந்தையை நெடுஞ்சாலை, குடியிருப்பு, மக்காச்சோள வயல் எல்லாவற்றையும் தாண்டி நடத்திக் கொண்டுபோக நாய் இல்லாமல் முடியாது. மின்வேலி ஓரிடத்தில் நிற்கும், கூடவே நடக்காது.

2000ஆம் ஆண்டில் சாக்சனியின் முஸ்காவ் காட்டில் ஓநாய்க் குட்டிகள் பிறந்தன. ஒழிக்கப்பட்ட பிறகு ஜெர்மனியில் நிலைகொண்ட முதல் ஓநாய்க் குடும்பம் அது. அதன் பிறகு ஓநாய்கள் வடக்கிலும் கிழக்கிலும் பரவிவிட்டன. மேய்ப்பர்கள் பல தலைமுறைக்குப் பின் மறுபடியும் கனத்த காவல் நாய்களை மந்தைக்குள் கொண்டுவருகிறார்கள். காவல் நாய் ஆட்டோடு ஆடாக நடுவில் படுக்கும், அந்நியமான எதைக் கண்டாலும் எதிர்க்கும். மேய்ப்பு நாய் விளிம்பில் ஓடும், ஆட்டை நெருக்கும், சமயத்தில் பிடிக்கும். காவல் நாயின் கண்ணுக்கு அது தாக்குதலாகவே படலாம். இரண்டையும் குட்டியிலிருந்தே ஒன்றுக்கொன்று பழக்க வேண்டும். இது என் கூட்டத்து நாய், இதன் பல்லைப் பொறுத்துக்கொள் என்று பெரிய நாய்க்குக் கற்றுத்தர வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்யத் தெரிந்த மேய்ப்பர்கள் அங்கே இருந்திருப்பார்கள். இப்போதுள்ளவர்கள் ஒவ்வொரு மந்தையிலும் தாங்களே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.